நாக்கு ரேகையும் நாற்பத்தேழாம் கேள்வியும்

கேள்வி நேரம் பத்து மணிக்குத் தொடங்கும். எட்டரைக்கே நாங்கள் வரிசையில் நின்றுவிடுவோம். நாங்கள் என்றால் ஏதோ வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மக்கள் பிரதிநிதிகள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தனக்கே மறந்துபோன கட்சி, எல்லோரும் உண்டு. அவைக்குள்ளே ஒருவர் மைக்கை ஒருவர் பிடுங்குகிற நாங்கள், இங்கே ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு நிற்போம். கட்சிப் பகையை அடியோடு ஒழித்த இடம் என்று ஒன்று உண்டென்றால், அது சட்டமன்ற உணவகத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய ஸ்டோர் ரூம்தான்.

அங்கேதான் நாக்கு ஜோசியர் இருந்தார்.

கையால் உழைக்கிறவனுக்குக் கைரேகை, வாயால் பிழைக்கிறவனுக்கு நாக்கு ரேகை. இதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. முதல் தடவை கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. எனக்கு எதற்கும் புல்லரிக்கும். அப்படிப்பட்டவனைத்தான் நாற்பதாயிரம் பேர் கூடி, யோசித்து, ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

அறையின் நடுவில் ஒரு கறுப்புத் திரை. திரையில் வாய் உயரத்துக்கு ஓர் ஓட்டை. நாம் நாக்கை ஓட்டை வழியாக நீட்ட வேண்டும். அன்றைக்குக் கேட்கப்போகும் கேள்வியின் நகலைத் திரைக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். காணிக்கையையும் கூடவே தள்ளிவிடுவது மரியாதை. முகத்தைப் பார்த்தால் அவருக்கு முகதாட்சணியம் வந்துவிடுமாம், அதனால்தான் திரை. உள்ளிருந்து டார்ச் வெளிச்சம் நாக்கில் அடிக்கும். பிறகு குரல் வரும். வெள்ளை ரேகை என்றால் தாராளமாகக் கேட்கலாம். கருப்பு ரேகை என்றால் வாயே திறக்கக்கூடாது. மீறித் திறந்தால் அடுத்த தேர்தலில் டெபாசிட் காலி.

கருப்பு ரேகைக்குப் பரிகாரமும் அவரே வைத்திருந்தார். மௌன உருண்டை. கோலிக்குண்டு அளவு, கன்னங்கரேல் என்று இருக்கும். கேள்வி நேரம் முடியும்வரை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொள்ள வேண்டும். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது.

அவர் மகிமை கொஞ்சநஞ்சமில்லை. வெள்ளை ரேகை விழுந்த ஒருவர் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டார். மறு மாதமே வாரியத் தலைவர் ஆனார். கருப்பு ரேகையை மதிக்காமல் கேட்ட இன்னொருவர், அவையை விட்டு வெளியே வந்ததும் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அன்றைக்குப் படியைக் கழுவிவிட்டிருந்தார்கள் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. சொன்னால் கதை கெட்டுவிடும் அல்லவா.

இனி என் கேள்விக்கு வருகிறேன். என் தொகுதி மருத்துவமனைக்கு நான்கு டயாலிசிஸ் இயந்திரங்கள் தருவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. அவை எப்போது வரும்? இவ்வளவுதான் கேள்வி. என் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், பஸ்ஸில் பெரிய நகரத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். "நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன்" என்று மேடைக்கு மேடை சொல்லி ஓட்டு வாங்கியவன் நான். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

எட்டு மாதத்தில் அந்தக் கேள்வி மூன்று முறை பட்டியலில் வந்தது. மூன்று முறையும் எனக்குக் கருப்பு ரேகை.

"வினா எண் நாற்பத்தேழு" என்று அவைத் தலைவர் கூப்பிடுவார். நான் கன்னம் உப்பிக்கொண்டு எழுந்து, கையை மட்டும் ஆட்டிவிட்டு உட்காருவேன். "உறுப்பினர் எழுப்பவில்லை. அடுத்தது" என்பார். சுகாதார அமைச்சர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரிப்பார். என்மேல் அவருக்குத் தனிப் பிரியம் என்று நான் பூரித்துப்போவேன்.

மூன்றாவது முறை உருண்டையோடு உட்கார்ந்த அன்று மாலை அக்கா போன் செய்தாள்.

"கேட்டியாடா?"

"இல்லக்கா. நேரம் சரியில்ல."

"யாருக்கு?"

சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாற்பத்தேழு நாலாவது முறை பட்டியலில் வந்தது. அதற்கு முந்தின நாள், நடைபாதையில் சுருக்கெழுத்தாளர் அம்மா என்னை நிறுத்தினார். அவையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் எழுதுகிறவர் அவர். இருபத்திரண்டு வருடமாக எங்கள் உளறலை எழுதியும் புத்தி பேதலிக்காமல் இருப்பவர்.

"சார், முன்னெல்லாம் கேள்வி நேரத்துக்கு எனக்கு மூணு பென்சில் வேணும். இப்ப ஒண்ணே மழுங்க மாட்டேங்குது. ஏன்னு யோசிச்சீங்களா?"

"எங்களுக்கு நேரம் சரியில்லம்மா. நாக்கு ரேகை அப்படி."

அவர் நோட்டைப் பிரித்தார். எழுப்பப்படாத கேள்விகளை எல்லாம் தனியாகக் குறித்து வைத்திருந்தார். மருந்து இல்லை, பாலம் இறங்கிவிட்டது, பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. எல்லாமே அமைச்சர்களுக்கு வியர்க்க வைக்கும் கேள்விகள். அமைச்சரைப் புகழும் கேள்வி ஒன்றுகூட அதில் இல்லை.

"புகழ்றவங்களுக்கு மட்டும் எப்பவும் வெள்ளை ரேகையே விழுது. விசேஷமான நாக்கு போல" என்றார். "சரி, ஒண்ணு சொல்லுங்க. ரேகை நாக்குலதானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப அவருக்குக் கேள்வித்தாள் எதுக்கு?"

எட்டு மாதமாக வரிசையில் நின்ற நூற்றுச்சொச்சம் சட்டம் இயற்றுபவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் மற்றவர்களுக்காக வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு உங்க நாக்கை எனக்கு ஒரு பத்து நிமிஷம் கடன் கொடுங்க" என்றார்.

மறுநாள் வரிசையில் முதல் ஆளாக என்னை நிறுத்தினார். கையில், கேட்பவர் பெயர் போட்ட மூன்று கேள்வித்தாள்கள். ஒன்று என்னுடையது. இரண்டாவது ஓர் ஆளுங்கட்சி உறுப்பினருடையது: "சுகாதாரத் துறையின் மகத்தான சாதனைகளை அமைச்சர் விளக்குவாரா?" மூன்றாவது, எனக்குப் பின்னால் நின்ற எதிர்க்கட்சி அம்மாளுடையது, இறங்கிப்போன பாலத்தைப் பற்றியது. விஷயத்தை அவர்கள் இருவர் காதிலும் முன்பே போட்டிருந்தார்.

நான் நாக்கை நீட்டினேன். முதல் தாள் உள்ளே போனது. டார்ச் அடித்தது.

"அப்பப்பா. அடிநாக்குலேர்ந்து நுனி வரைக்கும் கருப்பு. நாற்பத்தேழைத் தொட்டீங்க, குடும்பத்துக்கே ஆகாது." திரைக்கு அடியில் உருண்டை உருண்டு வந்தது.

நாக்கை இழுத்தேன், எச்சில் விழுங்கினேன், அதே நாக்கை மறுபடி நீட்டினேன். இரண்டாவது தாள் போனது.

"ஆகா, சுத்த வெள்ளை. இது மந்திரி நாக்கு. தைரியமா கேளுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு உள்ளுக்குள் ஜிலீரென்று இருந்தது. மந்திரி நாக்கு. ஏமாற்று வேலை என்று தெரிந்து நிற்கும்போதே இப்படி என்றால், தெரியாமல் நின்ற எட்டு மாதம் எப்படி இருந்திருப்பேன் என்று பாருங்கள்.

மூன்றாவது தாள். அதே நாக்கு. சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து கடித்துக்கொண்ட தழும்பு அதில் அப்பட்டமாக இருக்கிறது.

"அம்மா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. பெண்களுக்கு இந்த இடத்துல கருப்பு விழுந்தா பிள்ளைங்களுக்கு ஆகாது. உருண்டையை வாங்கிக்கங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுருக்கெழுத்தாளர் அம்மா திரைக்குப் பக்கத்தில் போய், வீட்டு வாசலில் காய்கறி விலை கேட்கிற குரலில் கேட்டார்.

"ஐயா, மூணு நாக்கையும் நல்லா பார்த்தீங்களா?"

"என் கண்ணாலதானேம்மா பார்த்தேன். மூணும் மூணு விதம்."

சுருக்கெழுத்தாளர் அம்மா திரையை ஒரே இழுப்பாக இழுத்தார். இந்தப் பக்கம் நான் ஒருவன், நாக்கை நீட்டியபடி. அந்தப் பக்கம் நாற்காலியில் ஜோசியர், டார்ச்சோடு.

"ரேகைங்கிறது கேள்விக்குத் தகுந்த மாதிரி மாறும்" என்றார் ஜோசியர். ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

"மாறட்டும். இவரோட நாக்கைப் பார்த்து அந்தம்மாவோட பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னீங்களே, அது எப்படி?"

ஜோசியர் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. உருண்டை போடாமலே மௌனம் வந்ததை அன்றுதான் பார்த்தேன். எழுந்திருக்கும்போது அவர் மடியிலிருந்து ஒரு தாள் விழுந்தது. அமைச்சர்கள் அலுவலகத் தாள். "இன்று எழுப்பப்படக் கூடாத வினாக்கள்" என்று தலைப்பு. முதல் எண் நாற்பத்தேழு. மனிதர் எங்கள் கேள்வித்தாளை நாக்கோடு ஒப்பிடவே இல்லை; இந்தத் தாளோடுதான் ஒப்பிட்டிருக்கிறார்.

வரிசையில் நின்ற ஓர் உறுப்பினர், மருந்துக்கடை வைத்திருப்பவர், உருண்டையை எடுத்துக் கடித்தார். மென்றார். முகம் வாடியது.

"இருமல் மிட்டாய். மேல கரி தடவியிருக்கு. என் கடையிலேயே விக்கிறேன். இத்தனை நாளா வாயில வெச்சிருந்தும் தெரியல."

ஜோசியர் பின்கதவு வழியாகப் போனார். யாரும் துரத்தவில்லை. ஆளாளுக்கு உருண்டையைக் கடித்துப் பார்த்து முடிப்பதற்குள் கேள்வி நேர மணி அடித்துவிட்டது.

"வினா எண் நாற்பத்தேழு."

எழுந்தேன். வெறும் வாயோடு எழுந்து எட்டு மாதம் ஆகியிருந்ததால் முதலில் இருமல் வந்தது. பிறகு கேட்டேன். நாலு வரி. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சுகாதார அமைச்சர் சிரிக்கவில்லை. இன்று இந்தக் கேள்வி வராது என்ற நம்பிக்கையில் பதிலை எடுத்து வைத்திருக்கவில்லை. பின்னால் இருந்த அதிகாரி கோப்பு முழுவதையும் அப்படியே தூக்கிக் கொடுத்தார். அமைச்சர் பதற்றத்தில் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று பார்க்காமல் படித்துவிட்டார்.

"இயந்திரங்கள் நான்கும் எட்டு மாதங்களுக்கு முன்பே அந்த மருத்துவமனையின் பின்பக்க அறைக்கு வந்து சேர்ந்துவிட்டன. மின் இணைப்பும் ஆள் நியமனமும் நிலுவையில் உள்ளன. தொகுதி உறுப்பினர் மூன்று முறையும் வினாவை எழுப்பாததால், அவசரத் தேவை இல்லை என்று கருதப்பட்டது."

சுருக்கெழுத்தாளர் அம்மாவின் பென்சில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. எப்போது இயங்கும் என்று துணைக் கேள்வி கேட்டேன். பத்து நாளில் என்றார்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். சொன்னேன்.

"நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலயேவா இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"பஸ்ஸுல என் பக்கத்து சீட்டுல ஒரு தையல்காரர் வருவார்டா. அவருக்கும் இதே வியாதி. பஸ்ஸுக்கு முடியலைன்னு பாதி நாள் வராம இருந்தார். போன மாசம் போயிட்டார். மெஷின் இங்கதான் இருந்துச்சுன்னு அவங்க வீட்டுல நீயே போய்ச் சொல்லு."

போனேன். தையல் இயந்திரத்தின் மேல் பாதி தைத்த சட்டை ஒன்று அப்படியே இருந்தது. அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் கேள்வியைக் கேக்க எவ்வளவு நேரம் ஆச்சு, தம்பி?"

"ஒரு நிமிஷம்மா" என்றேன். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

ஜோசியர் இப்போது வேறு ஊரில் காது ரேகை பார்க்கிறாராம். நல்ல கூட்டமாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். தடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. போவதற்கு முன், இவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்த ஒரு நிமிஷத்தை யோசிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. செத்தது நான் இல்லை.