ஹாலந்தில் நான் பார்த்த ஷூ

என் வீட்டுக்காரரின் முகத்தைவிட அவருடைய குதிகால்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் போவார். நான் பத்தடி தள்ளி, குனிந்த தலையோடு பின்னால் போவேன். சேர்ந்து நடந்தால் தெருவில் சிரிப்பார்கள். (நான் மேலநீலிதநல்லூரில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.) அவருக்கு வலது குதிகாலில் இரண்டு பித்தவெடிப்பு, இடதில் மூன்று. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில்கூட அந்த ஐந்தையும் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்துவிடுவேன்.

அந்தத் தைரியத்தில்தான் ஹாலந்து தேசத்துக்கும் போனேன்.

என் நாத்தனார் அங்கே நர்ஸாக இருந்தாள். எண்பதுகளின் தொடக்கம் அது. அவளுடைய முதல் பிரசவத்துக்கு என் மாமியாரால் போக முடியவில்லை. எங்கள் இரண்டு பேரையும் வரச்சொன்னாள். அவர் நாலு விசைத்தறியைத் தம்பியிடம் விட்டார், நான் இரண்டு பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டேன். குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆனதும் நாத்தனார் சொன்னாள்:

"மைனி, இந்த மாசந்தான் இங்கன பூ பூக்கும். நீங்களும் அண்ணனும் ஒரு நாளாவது தனியாப் போய்ப் பாத்துட்டு வாங்க. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

தனியாக என்றதும் எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

சித்திரை மாதம், ஆனாலும் பல் கிட்டும் குளிர். வேட்டி ஆகாது என்று தன் வீட்டுக்காரரின் கறுப்புக் கோட்டையும் பழுப்பு ஷூவையும் அண்ணனுக்கு மாட்டிவிட்டாள். எனக்குச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர். விலாசம் எழுதிய தாளை அவர் கோட்டுப் பையில் வைத்து, சுற்றுலா பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். திரும்ப அதே பஸ் நாலு மணிக்குக் கிளம்பும்.

இறங்கியதும் அவர், "ஏட்டி, எம் பின்னாடியே வா. பராக்குப் பாக்காத" என்றார்.

"பூப் பாக்கத்தான வந்திருக்கோம்?"

"பூவப் பாரு. பராக்குப் பாக்காதன்னு சொல்லுதேன்."

எங்கள் ஊரில் சாயம் போட்ட நூலைக் கழி கழியாகக் காயப்போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சிவப்பு ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை. அதைக் கண்ணுக்கு எட்டிய மட்டும் தரையில் இழுத்துவிட்டதுபோல் இருந்தது. இவ்வளவு பூவில் தலைக்கு ஒன்றுகூட வைக்க முடியாதே என்று இருந்தது எனக்கு. குனிந்து ஒன்றை முகர்ந்தேன். மணமே இல்லை. நிமிர்ந்தபோது பத்தடிக்கு முன்னால் ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு ஜோடி பழுப்பு ஷூ. அவசரமாகப் பின்னால் போனேன்.

ஷூவுக்குள் பித்தவெடிப்பு தெரியாது என்பது அப்போது தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் நடந்தேன். ஷூ நின்றால் நின்றேன். ஷூ வேகமாகப் போனால் ஓடினேன். கடைசியில் ஷூ ஒரு கழிப்பறைக்குள் போனது. மரியாதையாக வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். வெளியே வந்த ஷூவுக்கு மேலே, வெள்ளை மீசையும் தக்காளி நிற முகமுமாக ஒரு வெள்ளைக்காரத் தாத்தா நின்றார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். (பாவம், சேலை கட்டிய ஒருத்தி ஒரு மணி நேரமாகத் தன்னைத் துரத்துகிறாள் என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.)

நான் அழுதுவிட்டேன். பிறகு அவரே முன்னால் நடந்து என்னை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் அவர் ஷூவைப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

அறையில் ஒரு பெண், முன்னால் மைக். காணாமல் போன ஆளைக் கூப்பிடும் இடம். என் தாலியைக் காட்டி, கையை விரித்து, பேர் என்ன என்று சைகையில் கேட்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை.

பேரைச் சொல்லக் கூடாது. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். எழுதினால் குற்றமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்: சங்கரன். எங்கள் ஊர்ப் பேரும் அவர் பேரில்தான் தொடங்கும், அதனால் அதைக்கூட நான் சொன்னதில்லை. பஸ்ஸில் "கோயில் இருக்கிற ஊருக்கு ஒண்ணு குடுங்க" என்பேன். "எல்லா ஊர்லயும் கோயில் இருக்குக்கா" என்பார் கண்டக்டர்.

தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படம் வரைந்திருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, நன்றாக இருக்கிறது என்பதுபோல் தலையாட்டினாள். பிறகு மைக்கை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

"ஏங்க..." என்றேன். வயல் பூராவும் "ஏங்க" என்றது. ஒருவரும் வரவில்லை.

"ஏங்க, இங்கன வாங்க!"

ம்ஹூம். மணி நாலாகப் பத்து நிமிஷம். பஸ் போய்விட்டால், விலாசமும் இல்லாமல், பாஷையும் தெரியாமல் என்ன செய்வேன்? அம்மாவிடம் விட்ட பிள்ளைகள் கண்ணுக்குள் வந்தார்கள். சொன்னால் அவர் ஆயுசு. சொல்லாவிட்டால் நான் இங்கேயே. சாமி, என் ஆயுசில் கழித்துக்கொள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வெறும் பேராகச் சொல்ல வாய் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பதுபோல்,

"திரு சங்கரன் அவர்கள்... உடனே வரணும்!"

அடுத்த இரண்டாவது நிமிஷம் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"ஏட்டி, யாருக்கு என்ன ஆச்சு?"

"நான் தொலைஞ்சு போனேன்."

"தொலைஞ்சியா? எப்பம்?"

ஒரு தடவைகூட மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னால் வருகிறேன் என்று நினைத்து, எந்தப் பூ எந்த நிறம், இந்த மண்ணில் பருத்தி வருமா என்றெல்லாம் காற்றுக்கு விளக்கிக்கொண்டே போயிருக்கிறார்.

"நான் 'ஏங்க'ன்னு கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சு. இன்னிக்கு என்ன இம்புட்டுச் சத்தமாக் கூப்பிடுதான்னு நெனச்சேன்."

"அப்பம் ஏன் திரும்பல?"

"வீட்டுல மட்டும் மொதத் தடவையே திரும்புதேனாக்கும்?"

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பிறகு மெல்ல, "அது சரி, எம் பேரைச் சொல்லிட்டயே. ஆயுசுல எத்தன வருசம் போச்சு?" என்றார். நான் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து, முன் சீட்டுக்காரி அவரை முறைத்தாள். முதல் முறையாகப் பலர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊருக்கு வந்தபின் அவர் தும்மினால் நான்தான் காரணம். முழங்கால் வலித்தால், "அன்னைக்கு மைக்குல சொன்னால்லா, அதான்" என்பார். பல் விழுந்தபோது பிள்ளைகள், "அம்மா, இன்னும் எத்தன பல்லு கணக்கு?" என்று கேட்டார்கள்.

இப்போது அவருக்கு எண்பத்தாறு வயது. போன மாதம் கண் ஆபரேஷன். நர்ஸ் பெண் என்னிடம், "பாட்டி, பேஷண்ட் பேர் என்ன?" என்று கேட்டாள். படுத்திருந்தவர் படாரென்று கையைத் தூக்கினார்.

"தாயி, அவகிட்ட கேக்காத! நானே சொல்லுதேன். ஒரு கண்ணாவது மிஞ்சட்டும்."