பேரப்புலி வளையல் விற்ற கதை

விலை சொன்ன வாய் மூடுவதற்குள் அதில் பாதிக்குக் கேட்கிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. பேரப்புலி என்று பெயர். உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். குடை வாங்கப் போனால் கம்பியை எண்ணும், துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும், "இது ஒழுகுமே" என்று கொளுத்துகிற வெயிலில் குறை சொல்லும், நான்கு தடவை படியிறங்கும், நான்கு தடவையும் கடைக்காரர் கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் நின்று செருப்பைச் சரிசெய்யும். டாக்டர் காய்ச்சல் நூற்றிரண்டு என்றால்கூட, "நூறு போட்டுக்குங்க டாக்டர்" என்னும். வாங்குவதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. விற்கத் தெரியுமா? அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

நம் பேரப்புலியின் தங்கை ஒரு தையற்காரி. கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போகிற ஒருவர், ஓரம் அடிக்கும் மெஷினை எழுபத்தையாயிரத்துக்குத் தருகிறேன், சாயங்காலத்துக்குள் வராவிட்டால் வேறு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்த மெஷின் வந்தால் ஒரு நாளைக்கு இரண்டு உடுப்பு தைக்கிற கை ஆறு தைக்கும். ஆகவே தன் இரண்டு வளையல்களை விற்க முடிவு செய்தாள். கெட்டிக்காரி. எடை போட்டாள், தரம் பார்த்தாள், அன்றைய தங்கம் விலையை விசாரித்தாள், நியாயமாக எண்பதாயிரம் வரவேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி மடித்துக்கொண்டாள். புறப்படும்போதுதான் அண்ணன் வந்து சேர்ந்தார்.

"தனியாவா போறே? தலையில மொளகா அரைச்சிடுவான்! நான் பேசிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே."

நகைக்கடையில் கண்ணாடி மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு பெரியவர். வளையலைத் தராசில் வைக்குமுன்பே அண்ணன் ஆரம்பித்தார்.

"செய்கூலி, சேதாரமெல்லாம் நாங்க தரமாட்டோம்!"

"விக்கிறவங்ககிட்ட அதெல்லாம் யாருங்க கேப்பா?"

"அப்படி வாங்க வழிக்கு!" என்று தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பெரியவர் உரசினார், நிறுத்தார், கணக்குப் போட்டார். "எழுபத்தொன்பதாயிரம் தர்றேன்."

தங்கைக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அண்ணனோ மூக்கால் சிரித்தார்.

"எழுபத்தொன்பதா? பகல் கொள்ளையா இருக்கே! அம்பதுக்கு மேல ஒரு காசு கிடையாது!"

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். கடை வைத்த நாளாக இப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை.

"அம்பது ரொம்பக் கம்மிங்களே. எழுபத்தஞ்சாவது வாங்கிக்குங்க."

"அம்பத்தஞ்சு!"

"ஐயா, எனக்கே மனசு கேக்கல. எழுபது?"

தங்கை மேசைக்கடியில் அண்ணன் காலை மிதித்தாள். தெம்பாகப் பேசச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார் மனிதர்.

"அறுபது! கடைசிப் பேச்சு. இல்லேன்னா அடுத்த கடைக்குப் போறோம். எழுந்திரும்மா!"

பெரியவர் பெருமூச்சு விட்டார். "சரிங்க, உங்க இஷ்டம். அறுபது."

அண்ணன் வெற்றியோடு மீசையை முறுக்கினார். மெஷின் கைநழுவிப் போவது தங்கையின் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தராசிலிருந்து வளையல்களை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள்.

"அண்ணே, வெளிய உங்க செருப்பை யாரோ விலை கேக்கறாங்க போல."

அண்ணன் பாய்ந்து வெளியே ஓடினார்.

"எண்பது குடுங்கய்யா," என்றாள் அவள், சீட்டைப் பிரித்து வைத்து.

"அறுபதுக்குப் படிஞ்சிருச்சேம்மா!"

"வளையல் என்னோடது. பேரம்தான் அவரோடது. அதை வேணா அறுபதுக்கு எடுத்துக்குங்க."

பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சீட்டை வரிவரியாகப் பார்த்தார். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. எண்பதாயிரம் கைக்கு வந்தது, மெஷினும் இருட்டுமுன் வீட்டுக்கு வந்தது.

வழியெல்லாம் அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார்: "நான் போட்ட போட்டுல ஆடிப்போயிட்டான், பார்த்தியா? அதான் எண்பது குடுத்தான்."

நீங்கள் சிரிக்கலாம், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் உங்கள் பழைய சைக்கிளைப் பார்க்க ஒருவர் வந்தாரே, நல்ல விலையும் சொன்னாரே, அப்போது "இதுக்குப் போய் அவ்வளவா?" என்று கேட்டது யார்?