மகாயாவின் காது

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இரும்பு இரும்பை அடிக்கிற இடத்துக் கதை இது. தள்ளி உட்கார்ந்தால் காதில் விழாது.

கரியேகா ஊர்த் தொழிற்சாலையில் அன்று காலை நான்காவது முறையாகச் சிவப்பு விளக்கு சுழன்றது, ஊதல் அலறியது, இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் நின்றது.

"பெலே, உன் டை மறுபடியும் ஒப்பாரி வைக்குது!" என்றாள் பிரஸ்ஸை ஓட்டும் புலேல்வா.

பெலே என்பது, பிரஸ்ஸில் மாட்டும் டை என்கிற இரும்பு அச்சைச் செய்யும் மகாயாவின் குலப்பெயர். மதிப்புள்ள மனிதரை அங்கே குலப்பெயரால்தான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கும் அதே பெயர்தான்.

"அழுறது டை இல்ல. நேத்து மாட்டினாங்களே, அந்தச் சென்சார்."

"உள்ளே ஒரு கீல் ஒட்டிக்கிட்டு இருக்கே?"

"அது விழத்தான் போகுது. கொஞ்சம் யோசிச்சுக்கிட்டு இருக்கு."

கார்க் கதவுக்குக் கீல் அடிக்கும் அந்த டையை ஏழு மாதம் அராவி, தேய்த்து உருவாக்கியவர் மகாயா. அடித்த கீல் வெளியே விழாமல் தங்கி, அதன் மேல் இருநூறு டன் இறங்கினால் ஏழு மாதமும் ஒரே அடியில் பிளந்துபோகும். அதைத் தடுக்கத்தான் கட்டைவிரல் பருமனில் அந்தச் சென்சார். கீல் விழாவிட்டால் பிரஸ்ஸை நிறுத்திவிடும். ஆனால் விளக்கு சுழலும்போதெல்லாம் பட்டறையே திரும்பி மகாயாவை அல்லவா பார்த்தது!

எண்ணெய் படிந்திருக்கும் என்று துடைத்தார். மறுபடி அலறியது. மயிரிழை நகர்த்திப் பார்த்தார். ஒழுங்காக விழுந்த கீலுக்கும் அலறியது. பழைய இடத்திலேயே வைத்தார். "என்ன பெலே, தாலாட்டுப் பாடித்தான் பாரேன்!" என்று யாரோ கத்தினார்கள்.

தேநீர் இடைவேளையில் பட்டறை காலியானது. மகாயா கம்பி வெட்டும் குறட்டை எடுத்துச் சென்சார் பெட்டியிலிருந்து வந்த ஒயரை வெட்டினார்.

நிம்மதி ஒரு நிமிடம்தான். 'இனி என் டையைக் காக்க யார்?' என்ற கவலை வந்தது. தானே பிரஸ் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். டக், டக், டக்... சட்டென்று சத்தம் கம்மியது. பாய்ந்து பொத்தானை அடித்தார். பிரஸ் நின்றது. உள்ளே ஒட்டிய கீல்!

"பெலே! குபோனி! துஞ்சானே!" புலேல்வா முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்லி வாழ்த்தினாள். "காதா அது, தங்கம்!"

மறுநாள் இன்னொரு முறை. அதற்கும் மறுநாள் மூன்றாம் முறை. வாழ்த்து வளர்ந்தது, மகாயாவின் இடுப்பு ஒடிந்தது. கழிவறைக்குப் போகக்கூடப் பயம். மதிய ரொட்டியை நின்றபடியே, சத்தம் வராமல் மென்றார்.

மேலாளர் யான்சிஸ் வந்து முதுகில் தட்டினார். "சென்சாரைவிட நீங்களே மேல்! திங்கட்கிழமையிலிருந்து ஆறு பிரஸ்ஸுக்கும் உங்க காதுதான். சென்சாரையெல்லாம் கழட்டச் சொல்லி நொலிதாவை அனுப்புறேன்."

"ஆறா?"

"ரெண்டு காது இருக்கே. காதுக்கு மூணு!"

மகாயா ஆறு பிரஸ்ஸையும் திரும்பிப் பார்த்தார். ஆறு டைகளும் அவர் கை வேலை. ஒரு காதுதான் தவறட்டுமே, ஒரு தும்மல்தான் வரட்டுமே!

மின்வேலைக்காரப் பெண் நொலிதா பெட்டியைத் திறக்கும்போது அவர் குறுக்கே போய் நின்றார். பட்டறை மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

"கழட்டாதே, மகளே. என் பேரு போனாப் போகட்டும், டை பிழைக்கணும். அந்த ஒயரை நான்தான் வெட்டினேன். ஒட்டி வை. மூணு நாளா அது செத்துக் கிடக்கு."

நொலிதா உள்ளே எட்டிப் பார்த்தாள். பிரஸ் நின்றதும் பொத்தான் அழுத்தியதுமாகப் பெட்டி குறித்துவைத்திருந்த நேரங்களை விரலால் நகர்த்திப் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பெலே அப்பா, நீங்க வெட்டினது விளக்குக்கும் ஊதலுக்கும் போற ஒயரை மட்டும்தான். மூணு தடவையும் உங்க கை பொத்தானுக்குப் போறதுக்கு முன்னாடியே, பிரஸ்ஸை நிறுத்தினது சென்சார்தான்."

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, பேரும் புகழும் கேட்காமல் காக்கிற ஒன்று என்றைக்கும் கண் மூடாமல் இருக்கட்டும்.