புயலுக்கு முன் ஒரு திறப்பு விழா

எங்கள் ஊரில் இடர்காலப் பாதுகாப்பு மண்டபம் ஒன்று உண்டு. கடற்கரைச் சனம் புயலுக்கும் வெள்ளத்துக்கும் ஓடிப்போய் இருக்கட்டும் என்று கட்டியது. மேடான இடம், ஏறிப்போகப் படிகள், நல்ல கூரை. ஆடி மாதமே வேலை முடிந்து வெள்ளையும் அடித்தாயிற்று. ஆனால் திறப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினரான பணிப்பாளரின் திகதி கிடைக்கவில்லை. திறக்காத மண்டபத்துக்குள் போவது முறையல்ல என்பதால் நாங்கள் ஒருவரும் போகவில்லை. ஒரு ஆடு மட்டும் இடைக்கிடை போய்வந்தது. அதற்கு முறை தெரியாது.

கார்த்திகையில் புயல் அறிவித்தல் வந்தது. மயிலிட்டியிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு வள்ளமும் கடலில் இறங்கக்கூடாது, பள்ளத்தில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போகவேண்டும் என்று வானொலி சொன்னது. பெரிய கந்தோரில் அதிகாரிகள் அவசரக் கூட்டம் கூடி, மிகுந்த தீர்க்கதரிசனத்தோடு ஒரு முடிவு எடுத்தார்கள். சனம் எப்படியும் மண்டபத்துக்கு வரத்தான் போகிறது. வந்த சனத்தை வைத்தே விழாவையும் நடத்திவிட்டால் சனம் சேர்க்கிற செலவு மிச்சம். ஆகவே இடம்பெயர்வும் திறப்பு விழாவும் ஒரே நாளில்.

எங்கள் கிராம அலுவலர், ஜி.எஸ். உதயகலா, வீடு வீடாக வந்து சொன்னா.

"அக்கா, அடையாள அட்டை, மருந்து, ரோச் லைற் எல்லாம் மறக்காமல் எடுத்துக்கொண்டு வாங்கோ. வரவேற்புக் குழு ஒரே நிறச் சீலையிலை வரட்டாம்."

"புயலுக்கோ பிள்ளை?"

"புயலுக்கு இல்லை அக்கா. பணிப்பாளருக்கு."

இப்போது எங்கள் பக்கத்தில் ஒரே நிறச் சீலை இல்லாமல் ஒரு காரியமும் நடப்பதில்லை. பிறந்தநாளுக்கு ஒரு நிறம், செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நிறம். வரவேற்புக் குழு எங்கள் கோயில் மரியாயின் சேனைப் பெண்கள்தான்; எல்லோரும் மயில்நீலம் எடுத்தோம். எனக்கு அந்த நிறம் எடுபடாது. ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டுக் கட்டினேன்.

அன்று விடியவே கடல் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. சட்டி பானையை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு மண்டபத்துக்குப் போனோம். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வாசலுக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தது. நாடாவுக்கு இந்தப் பக்கம், படிக்குக் கீழே, மழையில் ஊர் முழுவதும் நின்றது. அந்தப் பக்கம் ஆடு, மங்கல விளக்குக்குப் பக்கத்தில் சாய்ந்து படுத்து, மாலைகளில் ஒன்றை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

கனடாவிலிருந்து என் மூத்தவன் போன் எடுத்தான்.

"அம்மா, புயல் இப்ப உங்கடை வீட்டுக்கு நேர மேலை நிக்குது. நான் படத்திலை பாக்கிறன்."

"அது நிக்கட்டும் தம்பி. நான் வீட்டிலை இல்லை, திறப்பு விழாவிலை நிக்கிறன்."

அந்த நேரத்தில்தான் ஜெயனி வந்தா. பிள்ளை பிறந்து இன்னும் தலை நிற்கவில்லை. பிள்ளையை மீன் போடுகிற, தண்ணீரில் மிதக்கிற வெள்ளை றெஜிபோம் பெட்டிக்குள் துணி விரித்துக் கிடத்தி, தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தா. மாமியார் லூர்த்தம்மா பக்கத்தில் குடை பிடித்து வந்தா. லூர்த்தம்மாதான் எங்கள் சேனைத் தலைவி.

"பெட்டி நல்லாய்க் கழுவினதோ?" என்று கேட்டேன்.

"கழுவாமல்? ஆனால் பாரைமீன் மணம் போகேல்லை. பேரன் இப்பவே தொழிலுக்குப் பழகட்டும்" என்றா லூர்த்தம்மா.

ஜெயனி சிரிக்கவில்லை. பிள்ளையின் கால் குளிர்ந்துபோய்க் கிடந்தது. நேரே கடற்தொழிலாளர் சங்கத் தலைவர் எமில்ராஜிடம் போனா.

"அண்ணை, கதவு திறந்துதானே கிடக்கு. நாடாவுக்குக் கீழாலை குனிஞ்சு பிள்ளையை உள்ளுக்கை கொண்டுபோறன்."

"குனியிறது பிரச்சினை இல்லைத் தங்கச்சி" என்றார் எமில்ராஜ், மிகவும் அன்போடு. "நீங்கள் உள்ளுக்கை போனால் மண்டபம் திறந்ததாய்ப் போகும். திறந்த மண்டபத்தை அவர் வந்து எப்பிடித் திறக்கிறது?"

"ஆடு உள்ளுக்கை நிக்குதே."

"ஆடு பயனாளிப் பட்டியலிலை இல்லை. நீங்கள் இருக்கிறியள். அவர் கோவிச்சுக்கொண்டு போனால் எங்கடை வள்ளங்களுக்குக் கட்டித் தாறனெண்ட இறங்குதுறையும் அம்போ."

இறங்குதுறை என்றதும் ஊர் ஒரு அடி பின்னால் நகர்ந்தது. ஜெயனி பெட்டிக்கு மேலே குனிந்து தன் முதுகைக் கூரையாக்கிக்கொண்டு நின்றா.

பத்து மணி ஆனது. பணிப்பாளர் வரவில்லை. காற்று வந்தது. படம் எடுக்க வந்தவரின் ட்ரோன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காங்கேசன்துறைப் பக்கம் போயிற்று. இந்தியாவுக்குக் கப்பல் போகிற பாதையில் அது போனதைக் கண்டவர்கள் உண்டு. அடுத்த வீச்சில் நாடா படாரென்று அறுந்தது.

ஊர் ஒரு கணம் நாடாவைப் பார்த்தது. திறந்த வாசல், மேடான நிலம், நல்ல கூரை, குறுக்கே ஒன்றுமில்லை.

"ஐயோ, ஓடிப்போய்க் கட்டுங்கோ" என்றார் எமில்ராஜ்.

ஓடிப்போய்க் கட்டினோம். நான் ஒரு தலைப்பு, இன்னொரு மயில்நீலம் மறு தலைப்பு. அறுந்த இடம் தெரியாமல் பூமுடிச்சும் போட்டோம். வடிவாய் இருக்குது என்று பலரும் சொன்னார்கள். முழங்காலளவு தண்ணீரில் எங்கள் சீலைச் சாயம் கரைந்து, மண்டபத்தைச் சுற்றி வெள்ளமும் மயில்நீலமாகி, எல்லாம் ஒரே நிறத்தில் மிகப் பொருத்தமாக இருந்தது.

பணிப்பாளரின் வாகனம் மதகடியில் மூழ்கிவிட்டதாகச் செய்தி வந்தது. ஜெயனியின் புருசன் லியோன் வள்ளத்தை எடுத்துக்கொண்டு போய், வாகனக் கூரையில் குந்தியிருந்தவரை ஏற்றிவந்தான். உயிர்காப்பு அங்கிக்கு மேலே பொன்னாடை போர்த்தினோம். ஆடு மிச்சம் விட்டிருந்த மாலையை நாடாவுக்கு மேலால் எட்டி எடுத்துப் போட்டோம். உதயகலா குடைக்குள் நின்று, "எமது அழைப்பைத் திறந்த மனதுடன் ஏற்று, பல்வேறு பணிகளுக்கு மத்தியில் இங்கு வருகை தந்திருக்கும்" என்று தொடங்கினா. பணிப்பாளர் நடுங்கிக்கொண்டு கையை நீட்டினார்.

"கத்தரிக்கோல்?"

கத்தரிக்கோல், தட்டம், தட்டத்துக்கு விரிக்கும் துணி மூன்றும் வாகனத்தில் இருந்தன. வாகனம் தண்ணீருக்குள் இருந்தது.

"சேர், இந்தாங்கோ" என்று லியோன் இடுப்பிலிருந்த கத்தியை நீட்டினான். எங்கள் ஊரில் கத்திக்குப் பஞ்சமில்லை.

பணிப்பாளர் பின்னால் நகர்ந்தார். "கத்தியோடை நான் நிக்கிற படம் வந்தால் பேப்பரிலை எந்தப் பக்கத்திலை போடுவாங்கள் தெரியுமோ? வாள்வெட்டுச் செய்திப் பக்கத்திலை."

நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினோம். ஊரெல்லாம் கத்தரிக்கோல் தேடியது. இருந்ததெல்லாம் வீடுகளில், வீடுகள் வெள்ளத்தில். தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாரை நினைத்துக் கண்ணை மூடினேன். அவருக்கு எத்தனை பெரிய காரியம் இருக்கும், ஒரு கத்தரிக்கோலுக்கு மன்றாடுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அவர் சுணங்கவில்லை. பிள்ளை வீரிட்டு அழுதது. ஜெயனி பிள்ளையைத் தூக்கினா. பெட்டிக்குள், தலையணைக்குக் கீழே, பளிச்சென்று ஒரு கத்தரிக்கோல்.

எல்லோரும் லூர்த்தம்மாவைப் பார்த்தோம். பிறந்த பிள்ளைக்குப் பக்கத்தில் பேய்க்குப் பயந்து இரும்பு வைப்பது அஞ்ஞானம் என்று போன மாதக் கூட்டத்தில் எங்களுக்குப் படிப்பித்தது இதே லூர்த்தம்மாதான்.

"தையலுக்கு வைச்சது" என்றா.

"பிறந்த நாளிலை இருந்து என்ரை பிள்ளை தைக்குதோ மாமி?" என்று ஜெயனி கேட்டா.

பணிப்பாளர் கையை நீட்டினார். லூர்த்தம்மா பெட்டியை மறித்து நின்றா.

"தரமாட்டன். இந்தக் காத்துக்கை பிள்ளையைவிட்டு இரும்பை எடுக்கக்கூடாது. கூரைக்குக் கீழை வந்தால் தாறன்."

"கூரைக்குக் கீழை போக நாடா வெட்டவேணும் அம்மா."

"வெட்டுங்கோ. ஆர் மறிச்சது?"

"வெட்டக் கத்தரிக்கோல் வேணும்."

"அதுதான் சொல்லுறன், கூரைக்குக் கீழை வாங்கோ, தாறன்."

இரண்டு பக்கமும் நியாயமாக இருந்தது. சனமும் இரண்டு பக்கமாகப் பிரிந்து கதைக்கத் தொடங்கியது. பணிப்பாளர், இது கொள்கை சார்ந்த விடயம், மேலிடத்தைக் கேட்கவேண்டும் என்றார். போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் தொடைக்கு வந்தது. பிள்ளையின் அழுகை மெலிந்து ஒரு முனகலாகப் போயிற்று. அது எனக்குப் பிடிக்கவில்லை. என் வாயில் அருள் நிறைந்த மரியே செபம் பாதியில் நின்றுவிட்டது.

ஜெயனி பிள்ளையைத் திரும்பப் பெட்டிக்குள் கிடத்தினா. பெட்டியை நேரே நாடா வரைக்கும் தள்ளிக்கொண்டு போனா.

"இரும்பு பிள்ளையோடையே இருக்கட்டும். இஞ்சை வந்து பிடியுங்கோ சேர். மாமி, நீங்களும் வாங்கோ. இஞ்சையப்பா, பெட்டியைத் தூக்கு."

லியோனும் எமில்ராஜும் பெட்டியை நாடா உயரத்துக்குத் தூக்கினார்கள். கத்தரிக்கோலின் ஒரு வளையத்தில் பணிப்பாளரின் விரல், நம்பிக்கையில்லாமல் மற்ற வளையத்தில் லூர்த்தம்மாவின் விரல், நடுவில் பிள்ளையின் தலை. நறுக்கென்றது. பெட்டி முதலில் உள்ளே போயிற்று. நாங்கள் ஈரக் கையால் தட்டினோம். ஆடு எழுந்து இடம் விட்டது.

உள்ளே துவாயால் துடைத்து, மார்போடு அணைத்ததும் பிள்ளை பால் குடித்தது. அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பணிப்பாளர் எங்கள் சீலை காயும் வரை உரையாற்றினார். வெள்ளம் வடியுமட்டும் லியோனின் சாரத்தைக் கட்டிக்கொண்டு ஆட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்.

இதெல்லாம் முந்தின வருசக் கதை. நாடா வெட்டியபோது எடுத்த படம் பேப்பரில் முன்பக்கத்தில் வந்தது. அதைப் பார்த்து மேலிடத்தில் மிகவும் மகிழ்ந்து, இனிமேல் கரையோரத் திறப்பு விழாக்களில் தலை நிற்காத குழந்தை ஒன்று, மீன்பெட்டி சகிதம், ஒழுங்கு செய்யப்படவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டார்கள். புயலில் நாலு ஓடு பறந்த எங்கள் மண்டபத்தையும் திருத்தினார்கள். திருத்திய மண்டபம் மீளத் திறக்கப்படவேண்டும் அல்லவா. ஆகவே பூட்டாமல், மூடாமல், நாடா மட்டும் கட்டியிருக்கிறது.

நேற்று வானொலி அடுத்த புயலைச் சொன்னது. பின்னேரம் ஊர்க் கூட்டம் வைத்தோம். மண்டபம் திறக்காதபடியால் வாசற்படியில் இருந்தோம்.

"ஊரிலை தலை நிக்காத பிள்ளை ஒண்டும் இல்லை. வயித்திலை பிள்ளையோடை இருக்கிற றஜனிக்கும் தை மாதம்தான் நாள் குடுத்திருக்கு" என்றார் எமில்ராஜ் கவலையோடு.

மிக நீண்ட யோசனைக்குப் பிறகு, புயலைத் தை மாதத்துக்குப் பிற்போட முடியுமா என்று பெரிய கந்தோரைக் கேட்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். லூர்த்தம்மா முன்மொழிய நான் வழிமொழிந்தேன். சீலை இந்த முறை மாம்பழ மஞ்சள்.

நாங்கள் கை தூக்கிக்கொண்டிருக்கையில் மழை பிடித்துவிட்டது. ஜெயனியின் பிள்ளை இப்போது நன்றாக நடக்கிறான். மழைத்துளி பட்டதும் எழுந்து, குனியக்கூடத் தேவையில்லாமல் நாடாவுக்குக் கீழால் போய், ஆட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டான்.

இந்த வருசம் விழாக்குழுச் செயலாளர் ஜெயனிதான். பதறிக்கொண்டு எழும்பி வாசலில் நின்று கூப்பிட்டா.

"வெளியிலை வா ராசா. இன்னும் திறக்கேல்லை."