ஏழாவதாக நுழைந்த அணி

தன் அணி தோற்க வேண்டும் என்று ரோமன் ஜவாட்ஸ்கி வேண்டிக்கொண்டது, பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. வேண்டுதலோடும் விடவில்லை. சீசன் முழுக்கத் துவைக்காமல் காப்பாற்றி வந்த ராசியான சட்டையைக் கழற்றி, வாஷிங் மெஷினுக்குள் போட்டு, சோப்புப் பொடியைத் தாராளமாகக் கொட்டினார்.

"என்னடா பண்றே?" பின்வாசலில் எர்ல் நின்றிருந்தார். மைதானத்தில் நாற்பது வருடமாகப் பக்கத்து இருக்கைக்காரர்.

"துணி துவைக்கிறேன்."

"அது துணியாடா? அதுல தண்ணி பட்டா நாம தோத்துடுவோம்னு தெரியாதா உனக்கு?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை ரோமனின் ஒரே மகள் மார்சியாவுக்குக் கல்யாணம். லாக்கவானா ஊரில் புத்தியுள்ளவர்கள் யாரும் அமெரிக்கக் கால்பந்து சீசனில் கல்யாணம் வைப்பதில்லை. ஜனவரிதான் முகூர்த்த மாதம். ஜனவரியில் பிளே-ஆஃப் என்கிற நாக்-அவுட் சுற்று நடக்கும், ஆனால் அது மற்ற ஊர்க்காரர்களுக்கு. இந்த ஊர் அணி கிறிஸ்துமஸுக்கு முன்பே கடையைக் கட்டிவிடும். அந்த நம்பிக்கையில்தான் நாள் குறித்தார்கள்.

ஆனால் லீக்கின் பெரிய தலைகள் கூடிப் பேசி, பிளே-ஆஃபில் ஓர் இடத்தைக் கூட்டி ஏழாக்கிவிட்டார்கள். பாதிக்குப் பாதி தோற்றுத் தள்ளாடிக்கொண்டிருந்த அணி, லீக் சுற்றின் இந்தக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் ஏழாவதாக உள்ளே போய்விடும்.

"ஏழாவது இடம்லாம் ஒரு இடமாடா?" என்றார் ரோமன். "கிளாஸ்ல பாதிப் பேரைப் பாஸ் போட்டா, எவன் படிப்பான்? எங்கப்பா காலத்துல அக்டோபர்ல ஒரு ஆட்டம் தோத்தா, அவர் ராத்திரி சாப்பிட மாட்டாரு. இப்ப தோத்தா, 'பரவால்ல, இன்னும் வழி இருக்கு'ங்கிறான். லீக் சுற்றே செத்துப் போச்சு."

"செத்துப் போச்சா? உன் நெஞ்சுல கை வெச்சுப் பாரு, எப்படி அடிச்சுக்குதுன்னு. அந்த ஏழாவது இடம் இல்லேன்னா இந்நேரம் நீ தூங்கிட்டிருப்பே."

ரோமன் கை வைத்துப் பார்த்தார். அடித்துக்கொள்ளத்தான் செய்தது. அதை எர்லிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசி நொடியில் உதைத்த உதையில் அணி ஜெயித்தது. ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த ரோமனைப் பற்றி எர்ல் போய் மதுக்கடையில் சொல்ல, அன்று சாயங்காலத்துக்குள் அவர் ஊர்த் துரோகி ஆகிவிட்டார்.

துரோகிப் பட்டம்கூடப் பரவாயில்லை. மார்சியாவை நினைத்துத்தான் அவர் பயந்தார். சின்ன வயதில் அவள் அவரோடு எல்லா ஆட்டத்துக்கும் வருவாள். உறைந்து கிடக்கும் சிமெண்டுப் படியில் கால் விறைக்காமல் இருக்க அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டு, அதன்மேல் அப்பாவும் மகளும் நிற்பார்கள். ஃபிளாஸ்க்கிலிருந்து சூடான சூப்பை மூடியில் ஊற்றி, இவர் ஒரு வாய், அவள் ஒரு வாய். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாழ்வா சாவா என்றிருந்த காலம். பதினாறு வயதில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பந்தை வெறுத்துவிட்டாள் என்று தானாக முடிவு செய்துகொண்டார். அவளுடைய கல்யாண நாளையாவது இந்தப் பந்து தின்றுவிடக் கூடாது.

"சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குத்தான் நம்ம ஆட்டம். உள்விஷயம்" என்று யாரோ சொன்னதாக யாரோ சொன்னார்கள். கல்யாணமும் ஒரு மணிக்குத்தான். ரோமன் சர்ச்சுக்கு ஓடினார்.

"ஃபாதர், நாலரைக்கு மாத்திக் குடுங்க."

பாதிரியார் லியோன் சாதுவான மனிதர். "மாத்திட்டாப் போச்சு" என்றார்.

ரோமன் வீட்டுக்கு வந்து, விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் தொண்டை கட்டும்வரை போன் செய்தார். கடைசிப் போனை வைத்த கையோடு டிவியில் அறிவித்தார்கள். சனிக்கிழமை, நாலரை மணி.

மறுபடி ஓடினார்.

"ஃபாதர், பழையபடி ஒரு மணி..."

"ஐயோ, அதை இப்பத்தான் வேற ஜோடிக்குக் குடுத்தேன். அவங்களும் ஆட்டத்துக்குப் பயந்துதான் கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலியா இருக்கு, வேணுமா?"

வீட்டில் இதைச் சொன்னதும் மார்சியா கையிலிருந்த பூக்களைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணும் மாத்த வேண்டாம். நாலரைன்னா நாலரை. அப்புறம்ப்பா, சனிக்கிழமை ஆட்டத்தைப் பத்தி உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரக் கூடாது. யாரு ஜெயிக்கிறா, எத்தனை பாயிண்ட், எதுவும் எங்கிட்ட சொல்லக் கூடாது. வந்துச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"சரிம்மா" என்றார் ரோமன். மனசு சுருங்கிப் போய்விட்டது.

சும்மா இருந்திருக்கலாம். விருந்தாளிகள் வராமல் போய்விட்டால் என்ற பயம் விடவில்லை. விருந்து மண்டபத்துத் திரைக்குப் பின்னால் ரகசியமாகப் பெரிய டிவி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சமையல்காரர்களிடம் பேசப் போன அவர் மனைவி வாண்டா திரையை விலக்கினாள்.

"இது என்ன?"

"வர்றவங்களுக்கு ஒரு வசதிக்கு..."

"வசதியா? பொண்ணைக் கட்டிக் குடுக்குறீங்களா, டிவியைக் கட்டிக் குடுக்குறீங்களா? உங்களைக் கட்டிக்கிட்டதுலேர்ந்து வருஷத்துல ஜனவரி மட்டும்தான், இருபத்தேழு ஜனவரி, நிம்மதியா இருந்தேன். அதையும் கெடுத்துட்டானுங்க அந்த ஏழாவது எடத்துக்காரனுங்க!"

டிவி திரும்பிப் போனது. போவதற்கு முன் மாப்பிள்ளை டேரலின் அம்மா பார்த்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பந்து என்றால் என்ன என்று கேட்கிற ஜாதி. இரண்டு நாள் அவர்கள் ரோமனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை ரோமன் தன் போனை வீட்டு அலமாரியில் பூட்டிவிட்டு வந்தார். நாற்பது வருடத்தில் இப்படி ஒரு தியாகம் அவர் செய்ததில்லை.

சர்ச் நிரம்பி வழிந்தது. அவரால் நம்ப முடியவில்லை. எர்ல்கூட வந்திருந்தார். அத்தனை பேரும் தலையைக் குனிந்து, கைகளை மடியில் வைத்து, அப்படி ஒரு பக்தியில் ஆழ்ந்திருந்தார்கள். ரோமனுக்குக் கண் கலங்கியது. மகளின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். முக்காடு அவள் காதுகளையெல்லாம் மறைத்துத் தோளில் வழிந்தது. அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, அவரைப் பார்க்காமலேயே நடந்தாள். என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

டேரல் சம்மதம் சொல்லி முடித்தான். பாதிரியார் மார்சியாவின் பக்கம் திரும்பினார்.

"மார்சியா, இவரை உன் கணவராக ஏற்றுக்கொள்கிறாயா?"

பதில் இல்லை.

சர்ச் மூச்சு விடவில்லை. டேரலின் முகம் வெளுத்தது. அவன் அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தார். மார்சியா கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாதிரியாரும் மறுபடி கேட்கவில்லை, மேல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோமனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்தேவிட்டார்.

"கண்ணு, வேண்டாம்னா வேண்டாம்! தப்பு என்னோடது. நேரத்தை மாத்தினது நான், டிவி வெச்சது நான். உன் சின்ன வயசையும் அந்தப் பந்தே தின்னுடுச்சு, நான் பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு அந்த ஆட்டம் வேணாம்மா. பாதி ஆட்டம் தோத்துட்டு உள்ள வந்தவனுங்க ஆட்டம், அதெல்லாம் ஒரு ஆட்டமா? எனக்கு நீதான் வேணும்! எதாவது பேசு..."

பாதிரியார் லியோன் காதைப் பொத்திக்கொண்டு, சாதுத்தனமெல்லாம் பறந்துபோக, ரோமன்மேல் பாய்ந்தார்.

"யோவ், உக்காருமய்யா! நம்ம பசங்களுக்கு நாலாவது முயற்சி, இதான் கடைசி, ஒரு கஜம்தான் பாக்கி. இயர்போனை அவ காதுல ஒண்ணு, என் காதுல ஒண்ணுன்னு மாட்டியும், நீர் போடுற கூச்சல்ல ரெண்டு பேருக்கும் ஒரு எழவும் கேக்கல!"