தட்டுக்கு ஓர் அளவு, பூட்டுக்கு ஓர் அளவு

பிறப்பு இறப்புப் பதிவகத்தில் ஒரு சான்றிதழ் வாங்க நாற்பது நிமிடம் ஆனது. எதிர்க் கட்டிடத்து ஆஸ்பத்திரியில் சில பிரசவங்களே அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன என்று அங்கே வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். பதிவகம் இதை அவதூறு என்று கருதி, பதில் அளிப்பதில்லை என்று ஒருமனதாக முடிவு செய்தது.

இத்தனைக்கும் எல்லாம் புதுசு. கம்ப்யூட்டர் புதுசு, அதற்குள்ளே இருந்த டிஸ்க் புதுசு. டிஸ்க்கில் இருப்பதை யாரும் திருடிப் படிக்க முடியாதபடி மறைமொழியாக்கிப் பூட்டி வைக்கும் ஏற்பாடும் புதுசு. எல்லாம் புதுசான அன்றிலிருந்துதான் எல்லாம் நத்தை மாதிரி நகர்ந்தது.

இதற்கெல்லாம் பொறுப்பு கணினிப் பிரிவு. கணினிப் பிரிவு என்றால் ஒரே ஒரு பெண்மணி, ஒரு மேஜை, மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. அலுவலகத்தில் எல்லாரும் அவளை டிஸ்க்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்தாறு வயது. மின்சாரம் போனாலும் அவளைத்தான் திட்டுவார்கள், மின்விசிறி கிறீச்சிட்டாலும் அவளைத்தான் திட்டுவார்கள். அவளும் பழகிப்போய், யாராவது வாசலில் நிழலாடினாலே "பார்க்கிறேன் சார்" என்று சொல்லிவிடுவாள்.

மூன்று வாரம் தேடி, நோயைக் கண்டுபிடித்தாள். அதே நேரத்தில்தான் தையல்காரர் ஒருவர் உள்ளே வந்தார்.

"அம்மா, நாலு நாளா வர்றேன். ஒரு நாளைக்குப் பன்னெண்டு பேருக்குத்தான் சான்றிதழ் கிடைக்குது. எனக்கு எப்பவும் பத்தொன்பதாம் நம்பர்தான் வருது. பொண்ணுக்குக் காலேஜ்ல சேர பிறப்புச் சான்றிதழ் வேணும். இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு. ஏம்மா, என்னதான் பண்ணுது உங்க மிஷின்?"

இத்தனை வருஷத்தில் அவளை அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். டிஸ்க்கம்மாவுக்கு மனசு இளகிவிட்டது.

"உட்காருங்க. டிஸ்க்குன்னா உள்ள குட்டிக் குட்டி அறை. ஒரு அறைக்கு நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு எழுத்து. அது எடுத்தாலும் முழு அறையா எடுக்கும், வெச்சாலும் முழு அறையாத்தான் வைக்கும். ஆனா நம்ம பூட்டு இருக்கு பாருங்க, அது ஐநூத்துப் பன்னெண்டு எழுத்தாப் பொட்டலம் கட்டுது. ஒரு அறைக்குள்ள எட்டுப் பொட்டலம். ஒரு பொட்டலத்தை மாத்தணும்னா..."

"மத்த ஏழையும் சேர்த்து வெளிய எடுக்கணும்."

"ஆமா! எடுத்து, ஒண்ணை மட்டும் மாத்தி, எட்டையும் திரும்ப உள்ள வைக்கணும். அடுத்த பொட்டலத்துக்கு மறுபடியும் முதல்லேர்ந்து. அது போதாதுன்னு, அடுக்க ஆரம்பிச்ச இடமே கோணல். பாதிப் பொட்டலம் இந்த அறையில, பாதி அந்த அறையில."

தையல்காரர் யோசித்தார். "ஒரு பட்டன் தைக்கிறதுக்கு முழுச் சட்டையையும் பிரிச்சு, பட்டனை வெச்சு, மறுபடி சட்டையைத் தைக்கிறீங்க. அடுத்த பட்டனுக்கு மறுபடி பிரிக்கிறீங்க."

டிஸ்க்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டாவது படித்த மனுஷன் ஒரே மூச்சில் புரிந்துகொண்டார்.

"சரி, பொட்டலத்தையும் அறை அளவுக்கே கட்ட வேண்டியதுதானே?"

"அதான் சரி. ஆனா பூட்டு போடும்போதே அளவு சொல்லிடணும். எல்லாத்தையும் பத்திரமா வேற இடத்துல எடுத்து வெச்சுட்டு, டிஸ்க்கைத் துடைச்சுட்டு, முதல்லேர்ந்து போடணும். ஒரு நாள் வேலை."

"அப்புறம் என்ன, போடுங்க!"

"அனுமதி வாங்கணும்" என்றாள்.

தையல்காரர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

இயக்குநர் நல்ல மனிதர். எந்தக் கோப்பையும் மறுக்க மாட்டார், ஏற்கவும் மாட்டார். டிஸ்க்கம்மா எழுதிக் கொண்டுபோன ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"ஐநூத்துப் பன்னெண்டு சுற்றறிக்கையில இருக்கேம்மா."

"அந்தச் சுற்றறிக்கை பழைய டிஸ்க் காலத்துது சார்."

"காலம் மாறலாம், சுற்றறிக்கை மாறலாமா? சரி, நீங்க கேக்கறது எவ்வளவு? நாலாயிரத்துத் தொண்ணூத்தாறா? எட்டு மடங்கு! ஒரேயடியா எட்டு மடங்கு உயர்த்தினா மேலிடத்துல என்ன நினைப்பாங்க? உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். நடுவுல ரெண்டாயிரத்து முந்நூத்து நாலு வெச்சுக்கலாம்."

"சார், அது பேரம் பேசற விஷயம் இல்ல. டிஸ்க்கோட அளவும் பூட்டோட அளவும் ஒத்துப் போகணும். அலைன்மென்ட் சார்."

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். போன வாரம்தான் அவர் மூன்று நாள் பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தார். அங்கே பேசிய ஆலோசகர் மூன்று நாளும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். நிர்வாக அலைன்மென்ட், மன அலைன்மென்ட், மதிய உணவு அலைன்மென்ட். வார்த்தைக்கு என்ன பொருள் என்று கேட்க எல்லாருக்கும் கூச்சம். அதனால் அது வேகமாகப் பரவிவிட்டது.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!" என்றார் இயக்குநர்.

மறுநாள் காலை ஆலோசகர் வந்து இறங்கினார். கையில் நூல்கண்டு, ரசமட்டம், ஒரு சிரிப்பு. முதலில் மேஜைகள் நூல் பிடித்து ஒரே வரிசையில் போடப்பட்டன. பிறகு அலமாரிகள். அதன்பின் ஊழியர்கள் தினமும் காலை பத்து நிமிடம் உயர வரிசையில் நின்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று இதன்மூலம் அறிவிக்கப்பட்டது. பொதுமக்கள் வரிசையும் நேராக இல்லை என்று கண்டறியப்பட்டு, தரையில் மஞ்சள் கோடு போடப்பட்டது. கோட்டில் பெயின்ட் காய இரண்டு நாள் அலுவலகம் மூடப்பட்டது. தையல்காரரின் பதினாறு நாளில் ஒன்பது நாள் இப்படிப் போனது.

டிஸ்க்கம்மா ஆலோசகரிடம் மெதுவாகக் கேட்டாள். "ஐயா, டிஸ்க்கை எப்ப சரி பண்றது?"

"வருவோம், வருவோம். உங்க அறிக்கையில 'டிஸ்க்கின் உண்மையான அளவு'ன்னு எழுதியிருக்கீங்க. உண்மையை நேர்ல பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மாற்றுக்கு வைத்திருந்த டிஸ்க் ஒன்று வரவழைக்கப்பட்டது. ஆலோசகர் ஸ்கேல் வைத்து அளந்தார். திருப்பிப் போட்டும் அளந்தார். அவருடைய அறிக்கை இப்படி முடிந்தது: "மேற்படி டிஸ்க்கின் நீளம் 14.7 சென்டிமீட்டர். அகலம் 10.2 சென்டிமீட்டர். 4096 என்ற அளவு எத்திசையிலும் தென்படவில்லை. கோரிக்கை நிராகரிக்கப்படலாம்."

நிராகரிக்கப்பட்டது.

அன்று டிஸ்க்கம்மா மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அலைன்மென்ட் விழா. பெரிய மண்டபத்தில் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை. எல்லா ஊழியரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். கணினிப் பிரிவுக்கு மட்டும் விலக்கு. நாற்காலி வரிசை சமமாக வர ஒரு ஆள் அதிகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் அறையை உள்ளே தாழிட்டாள். பதிவுகள் அத்தனையையும் இரண்டு தனி டிஸ்க்குகளில் நகல் எடுத்தாள். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்தாள். சந்தேகம் வந்து மறுபடியும் சரிபார்த்தாள். மதியம் இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டரில் இருந்த டிஸ்க்கைத் துடைத்தாள்.

அந்தக் கணத்தில் ஊரில் யாருமே பிறந்திருக்கவில்லை. யாரும் செத்திருக்கவும் இல்லை. இயக்குநர் பிறக்கவில்லை, ஆலோசகர் பிறக்கவில்லை, அவளும் பிறக்கவில்லை. அத்தனை பேரும் அவள் மடியில் இரண்டு டிஸ்க்குகளாக உட்கார்ந்திருந்தார்கள். கை தவறிக் கீழே விழுந்தால் வேலை போகும் என்பது கூட அவளுக்குத் தோன்றவில்லை. எதிர் ஆஸ்பத்திரியில் அந்த வாரம் பிறந்த குழந்தைகள்தான் ஞாபகம் வந்தார்கள்.

அறைகள் தொடங்கும் இடத்திலேயே பொட்டலமும் தொடங்கும்படி செய்தாள். பூட்டின் அளவைக் கேட்ட இடத்தில் 4096 என்று தட்டினாள். உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினாள். பிறகு ஊர் மக்களை ஒவ்வொருவராகத் திரும்பக் குடியேற்றினாள். ஐந்தரை மணிக்குக் கடைசி ஆளும் பிறந்து முடித்தார்.

திங்கட்கிழமை காலை தையல்காரர் கவுன்டரில் நின்றார். எழுத்தர் பெயரைத் தட்டினார். இரண்டு வினாடி. சான்றிதழ் வெளியே வந்து விழுந்தது.

எழுத்தர் பயந்து எழுந்து நின்றுவிட்டார். தையல்காரர் கையிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்த்தார். மதியம் வரை இருக்க வேண்டியிருக்கும் என்று கட்டிக்கொண்டு வந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றாள் டிஸ்க்கம்மா, கதவோரம் நின்று. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வார்த்தையை அவள் சொன்னதில்லை.

மேஜைகளை நூல் பிடித்துப் போட்டதால் வந்த வேகம் என்று இயக்குநர் மேலிடத்துக்கு எழுதினார். ஆலோசகருக்கு இன்னும் ஆறு அலுவலகங்கள் கிடைத்தன. டிஸ்க்கம்மாவோ வேலை நடந்தால் போதும் என்றிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை தையல்காரர் திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது.

"காலேஜ்ல வாங்க மாட்டேங்கறாங்கம்மா. விண்ணப்பம் பத்து மணி பதினாலு நிமிஷம் ஆறாவது வினாடி, சான்றிதழ் பத்து பதினாலு எட்டாவது வினாடின்னு போட்டிருக்காம். ரெண்டு வினாடியில எந்த ஆபீஸ்ல குடுப்பாங்க, இது போலின்னு சொல்லிட்டாங்க. நாளைக்குக் கடைசி நாள்."

"போலி இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே!"

"தெரியும்..." என்று இழுத்தார். "ஆனா எனக்கே கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருந்துது."

"நீங்கதானே பட்டன் கதை சொன்னீங்க?"

"புரியாம இல்லம்மா. நான் ஒரு சட்டையைக் கால் மணியில தெச்சுக் கையில குடுத்தா நீங்க போட்டுப்பீங்களா? நான் சட்டையை அன்னைக்கே முடிச்சுடுவேன். மூணு நாள் ஆணியில தொங்கவிட்டுத்தான் குடுப்பேன். அப்பத்தான் 'நல்லா தெச்சிருக்கே'ன்னு சொல்றாங்க. நீங்களும் கொஞ்சம் தொங்கவிட்டுக் குடுங்கம்மா."

அவர் மட்டுமில்லை. பின்னால் முப்பது பேர் நின்றிருந்தார்கள். பேங்க் திருப்பி அனுப்பியவர், பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பியவர். யாருமே திருப்பி அனுப்பாவிட்டாலும் மனசு கேட்காமல் தானாகவே வந்தவர் நாலைந்து பேர். மனுவே எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். உரிய கவனத்துடன் காலதாமதம் செய்து வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டியிருந்தார்கள்.

இயக்குநர் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மனுவை அன்றே ஏற்றார். "மக்கள் குரல்!" என்றார். சான்றிதழ் தயாரானபின் நாற்பது நிமிடம் கழித்து வெளிவரும்படி கணினிப் பிரிவு உடனடியாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. டிஸ்க்கம்மா கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வரி கட்டளை எழுதினாள். அந்த வரிக்கு மட்டும் யாரும் அனுமதி கேட்கவில்லை, அளந்தும் பார்க்கவில்லை.

தையல்காரர் பெஞ்சில் நாற்பது நிமிடம் நிம்மதியாக உட்கார்ந்தார். இந்தத் தடவை சான்றிதழின் கீழே "ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் வழங்கப்படுகிறது" என்று அச்சாகியிருந்தது. மகளுக்கு இடம் கிடைத்தது. டிஸ்க்கம்மாவுக்கு ஒரு ரவிக்கை இனாமாகத் தைத்துத் தந்தார், மூன்று நாள் கழித்து.

அந்த மாதக் கடைசியில் டிஸ்க்கம்மாவுக்கு மணிக்கட்டு வலி வந்தது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனாள். கூட்டமே இல்லை. அவர் கையைப் பிடித்து இரண்டு தடவை மடக்கிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு வாரம் தட்டச்சைக் குறைங்க, சரியாயிடும்" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து, நின்று, யோசித்து, ஷேர் ஆட்டோ பிடித்து ஊரின் மறுகோடியில் இன்னொரு டாக்டரிடம் போனாள். டோக்கன் எழுபத்தொன்று. மூன்றரை மணி நேரம் காத்திருந்தாள். நாலு பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து அவரும் அதையேதான் சொன்னார்: தட்டச்சைக் குறைங்க.

வீட்டில் கணவர் கேட்டார். "ஏன் இவ்வளவு நேரம்? பக்கத்துத் தெருவுல ஒரு டாக்டர் இருக்காரே?"

"அவரா? அவருக்கு என்னங்க தெரியும்" என்றாள் டிஸ்க்கம்மா, கையை நீவிக்கொண்டே. "இவர்தான் கைராசிக்காரர். என்ன கூட்டம் தெரியுமா!"