டங்கன் துரை கல்லறையில் அண்ணனுக்கு ஓர் இடம்

அஸ்தினாபுரம்,
சனிக்கிழமை காலை.

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அண்ணன் தாவீது டங்கன் அவர்களுக்கு, தம்பி ஆல்வின் டங்கன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சர்க்கரையும் அண்ணியின் மூட்டுவலியும் பெங்களூரில் அடங்கி ஒடுங்கி இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போன் என்றால் பாதியில் கத்துவீர்கள். கடிதத்தைப் பார்த்து நீங்கள் கத்தினால் எனக்குக் கேட்காது.

நம் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லாததால், நூறு வருடம் தாண்டிய கல்லறைகளுக்கு வாரிசு என்று ரெக்கார்டு காட்டாவிட்டால் அவற்றை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று கமிட்டி நோட்டீஸ் ஒட்டியதும், அதை நான் உங்களுக்கு வாசித்துக் காட்டியதும் நினைவிருக்கும். "நம்ம கொள்ளுத்தாத்தா டங்கன் துரை படுத்திருக்கிற குழியிலதான் நானும் படுப்பேன், வேற எங்க வெச்சாலும் எழுந்து வந்துடுவேன்" என்றீர்கள். நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர்தான் என்பதால் அன்றைக்கே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கமிட்டிச் செயலாளர் ஜெபகுமார் தம்பிக்கு நன்றி சொல்லி மாளாது. பழைய பதிவேடுகளை மேஜையில் இறக்கி, பூதக்கண்ணாடி கொடுத்து, வேளைக்கு டீயும் வரவழைத்தார். அடக்கப் பதிவேட்டில் டங்கன் என்ற பெயரை மூன்று நாள் தேடினேன், இல்லை. "கரையான் தின்ன பக்கத்துல இருந்திருக்கும் அங்கிள்" என்றார், நானும் கரையான் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். காட்டாங்குளத்தூர் கல்லூரியில் வேலை பார்க்கும் என் மகள் ரேஷ்மா ஸ்காட்லாந்தில் ஒரு நூலகத்துக்கு மெயில் போட்டாள். அங்கே மோராக் என்று ஓர் அம்மா, நம்மை யாரென்றே தெரியாதவர், நம்மால் ஐந்து பைசா பிரயோஜனம் இல்லாதவர், ஒரே வாரத்தில் விவரங்களைத் தேடி அனுப்பிவிட்டார் அண்ணா. ஜேம்ஸ் டங்கன், 1868-இல் கடலோரத்து மீனவர் வீட்டில் ஏழாவது பிள்ளை. இருபத்து மூன்று வயதில் தோல் தொழிற்சாலைச் சம்பளப் பட்டியலில் பெயர். 1896-இல் மதராசுக் கப்பலின் பயணிகள் பட்டியலில் பெயர், பக்கத்தில் 'தனியாள், ஒரு பெட்டி' என்று குறிப்பு. 1901-இல் பம்மல் தோல் கம்பெனியில் மேற்பார்வையாளர். இறந்த விவரம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, தேடுகிறேன் என்று எழுதியிருந்தார். அந்த ஒரு பெட்டியைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரேஷ்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இனிமேல் உட்கார்ந்து படியுங்கள். மறுபடி சபைக்குப் போய்ப் புரட்டிய 1905-ஆம் வருட ஞானஸ்நானப் பதிவேட்டில் நம் தாத்தாவின் வரி அப்படியே இருக்கிறது. குழந்தை ஆபிரகாம் டங்கன். தாய் முத்தாலம்மாள். தகப்பன் எத்திராஜ், பம்மல் தோல் கம்பெனிக் கூலியாள். ஜேம்ஸ் டங்கன் அதற்கடுத்த கட்டத்தில், ஞானத்தகப்பன் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறார். அன்றைக்கு அந்தக் குடும்பம் முழுவதுமே ஞானஸ்நானம் பெற்றிருக்கிறது. துரை பிள்ளையைக் கையில் ஏந்தி நின்று, வழக்கப்படி தன் பெயரையும் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். நாம்தான் பெயரைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டோம். பேத்தி கல்யாணத்தில் நீங்கள் ஸ்காட்லாந்துக்காரர் மாதிரி கட்டம் போட்ட பாவாடை கட்டி நின்ற போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கி பீரோவில் வைத்துவிட்டேன். உங்கள் கோபம் ஸ்காட்லாந்துக் கோபம் என்றுதான் இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டோம், அதுவும் பம்மல் சரக்குதான் போலிருக்கிறது. துரை வீட்டு வழக்கம் என்று குடிக்கிற ஓட்ஸ் கஞ்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள், சர்க்கரைக்கு நல்லது.

மனசாட்சி உறுத்தி ஜெபகுமாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது அங்கிள்" என்றார். "அதனாலதான்பா சொன்னேன்" என்றேன். எங்களுக்கு உரிமை இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாயிற்று. என்னைத் திட்டுங்கள், ஆனால் டங்கன் துரையைத் திட்டாதீர்கள். கூலிக்காரர் பிள்ளையைத் தூக்கி நிற்க அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் தாத்தா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார், அதனால் அப்பா படித்தார், நாமும் படித்தோம். சொந்தம் இல்லாதவர் செய்தது என்று தெரிந்த பிறகு எனக்கு அவர் மேல் பிரியம் கூடித்தான் இருக்கிறது. ஊருக்கு வெளியே புதுக் கல்லறைத் தோட்டத்தில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் கேட்டிருக்கிறேன். போய்ப் பார்த்தேன், காற்று நன்றாக வருகிறது.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆசீர்வாதம். கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், இதைப் படிக்கும் பத்து நிமிடத்துக்காவது பொறுமையையும் அருள்வாராக.

அன்புத் தம்பி,
ஆல்வின் (டங்கன் என்று போடலாமா என்று தெரியவில்லை)

பின்குறிப்பு, திங்கள் மாலை: உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். மோராக் அம்மாவின் மெயில் வந்தது. டங்கன் துரை 1912-இல் ஊர் திரும்பி, 1931-இல் அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். கல்லறைப் படமும் அனுப்பியிருக்கிறார். "அப்போ நாம இத்தனை வருஷமா யாருக்குப்பா பூ வெச்சோம்?" என்றாள் ரேஷ்மா. ஷேர் ஆட்டோ பிடித்துக் கல்லறைக்கு ஓடினோம். தோட்டக் காவலாளி தனசேகர் கல்லைத் தட்டிப் பார்த்தார். "இன்னா சார், வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு வந்து சுண்ணாம்பு பூசிக்கினே கீறீங்க, ஒரு வாட்டியாச்சும் சொரண்டிப் பாத்தீங்களா? ஒரு அங்குலத்துக்கு ஏறிக் கீது." நாம்தான் அடியில் தெரிந்த டங்கன் பெயரை மட்டும் கறுப்பு மையால் எழுதிவிட்டு மேலே வெள்ளை அடித்துக்கொண்டே வந்திருக்கிறோம், அப்பாவும் அப்படித்தான் செய்தார். தனசேகர் தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் இரண்டு மணி நேரம் தேய்த்தார். மேலே எழுத்து வந்தது, தமிழில். 'எத்திராஜ். 1907. தோல் ஊறவைக்கும் குழியில் விழுந்த என்னைத் தூக்கி விட்டு, தான் மாண்டவர். இவரால் உயிரோடிருக்கும் ஜேம்ஸ் டங்கன் நன்றியுடன் வைத்த கல்.'

அந்த நாரை வாங்கி மீதிக் கல்லை நானே தேய்த்தேன் அண்ணா. விஷயத்தைக் கேட்ட ஜெபகுமார் ஓடிப்போய் அடக்கப் பதிவேட்டில் 1907-ஆம் வருடப் பக்கத்தைத் திறந்தார். எத்திராஜ் பெயர் முழுசாக இருக்கிறது, கரையான் தொடவே இல்லை. நம் சொந்தக் கொள்ளுத்தாத்தா. நான் எழுதிக் கொடுத்த தாளை ஜெபகுமாரே கிழித்துப் போட்டார். உங்கள் இடம் உறுதி. ஆனால் ஒருமுறை திறந்தால் அடுத்த பதினான்கு வருடத்துக்குத் திறக்கக் கூடாது என்பது கமிட்டி விதியாம். மூத்தவர் என்ற முறையில் முதல் உரிமை உங்களுடையதுதான். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை, நீங்களும் மெதுவாகவே வாருங்கள்.